ஒரு நிமிஷம், கேப்டன்

ஃப்ளாப் போட்டாகிவிட்டது என்று எனக்கு நல்ல ஞாபகம். துணை விமானியின் இடது கை அந்த நெம்புகோலை நோக்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். கோர்ட்டில் கூண்டில் ஏற்றிக் கேட்டிருந்தாலும் சத்தியம் செய்திருப்பேன்.

மதுரையில் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு சாயங்காலம் அது. அன்றைக்கு எங்களுக்கு நாலாவது செக்டார். சென்னையில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் வீடு. காலையில் ஆரம்பித்த சின்னத் தாமதம் ஊர் ஊராக வளர்ந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே நின்ற தரைப் பொறியாளர் ஹெட்செட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, முன்சக்கரத்திலிருந்து உருவிய பின்னைச் சிவப்பு நாடா தொங்கத் தூக்கிக் காட்டிவிட்டு விலகினார். நான் ஒதுங்கிவிட்டேன், இனி வண்டி உன்னுடையது என்று அதற்கு அர்த்தம். அந்தச் சைகை கிடைத்த பிறகுதான் ஃப்ளாப் போடுவோம். இறக்கையின் பின்விளிம்பில் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் பலகைகள் அவை. அவற்றை நீட்டினால்தான் ஓடுபாதை முடிவதற்குள் விமானம் தரையை விடும்.

துணை விமானியின் கை கிளம்பியது. அதே நொடியில் கேபினிலிருந்து அழைப்பு மணி.

"கேப்டன், ஒரு நிமிஷம். பதினாலாவது வரிசையில ஒரு பெரியவர் இறங்கணும்னு எழுந்து நிக்கிறார். மாத்திரைப் பையை செக்யூரிட்டியிலயே விட்டுட்டாராம்."

இன்ஜின் ஓடும்போது ஒரு பயணி எழுந்து நிற்பது சின்ன விஷயமில்லை. மாத்திரையும் சின்ன விஷயமில்லை. சர்க்கரைக்கா, இதயத்துக்கா, ராத்திரி போட வேண்டியது எது என்று விசாரிக்கச் சொன்னேன். "ஸ்டேஷனைக் கூப்பிட்டு பை கிடைச்சுதான்னு கேளுப்பா" என்று துணை விமானியிடம் சொன்னேன். அவன் கை ரேடியோவுக்குப் போனது. பை கிடைத்துவிட்டது, அடுத்த விமானத்தில் அனுப்புகிறோம் என்றார்கள். பெரியவரும் சரி என்று உட்கார்ந்தார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம். நாங்கள் செய்ததில் தப்பு என்று எதையும் சொல்ல முடியாது. அந்தப் பணிப்பெண் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள், நான் கேட்க வேண்டியதைத்தான் கேட்டேன்.

மதுரையில் ஓடுபாதைக்கு இணையாக டாக்ஸி பாதை கிடையாது. ஓடுபாதைக்குள்ளேயே நுழைந்து கோடிவரை போய், அங்கே வட்டமடித்துத் திரும்பி நிற்க வேண்டும். ஈரத்தில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே புறப்பாட்டுச் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். சிவப்பு விளக்கு. டிங், டிங், டிங் என்று நிற்காத மணி. ஃப்ளாப் நெம்புகோல் பூஜ்யத்தில் இருந்தது.

டவரிடம் இரண்டு நிமிடம் வேண்டும் என்றேன். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"போட்டேன்னு நினைச்சேன் சார்."

"நீ போட்டதைப் பாத்தேன்னு நான் நினைச்சேன்பா."

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவன் கை கிளம்பியதைப் பார்த்தேன். மிச்சத்தை என் மனம் தானே எழுதிக்கொண்டது. அதே நெம்புகோலை அவன் காலையிலிருந்து மூன்று முறை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றில் ஒன்று வந்து நாலாவதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரே வேலையைத் தினம் நாலு முறை செய்கிறவனுக்கு ஞாபகம் ஒரு நல்ல சாட்சி அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்போது என் கணக்கில் பதினோராயிரம் மணி நேரம் பறந்திருந்தேன்.

இரவு சென்னைக்கு வந்ததும் நாங்களாகவே எழுதிக் கொடுத்தோம். அதைப் பற்றிப் பெரிதாக யாரும் கேட்கவில்லை. மணி அடித்தது, ஃப்ளாப் போட்டோம், பறந்தோம்; கதை அவ்வளவுதானே. ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மணி அடிக்காத இரண்டு கதைகள் எனக்குத் தெரியும்.

1987 ஆகஸ்ட் 16, டெட்ராய்ட். எம்டி-82 ரகம். ஃப்ளாப் போடாமலே கிளம்பியது. எச்சரிக்க வேண்டிய கருவிக்கு மின்சாரம் போகவில்லை. தரையில் இருந்தவர்கள் இருவரையும் சேர்த்து 156 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் மிஞ்சியது நாலு வயதுக் குழந்தை ஒன்று. இருபத்தொரு வருஷம் கழித்து, 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். அதே எம்டி-82. முதல் முறை கிளம்பப் போனவர்கள் ஒரு வெப்பநிலைக் கருவியின் கோளாறால் நிற்குமிடத்துக்கே திரும்பி, சரிசெய்துகொண்டு, தாமதத்தோடு மறுபடி கிளம்பினார்கள். ஃப்ளாப் போடவில்லை. மணியும் அடிக்கவில்லை. 154 பேர். அவர்கள் சோம்பேறிகள் என்றோ அரைகுறைகள் என்றோ சொல்கிறவன் ஒருநாளும் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்க மாட்டான். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு மணிச் சத்தம்.

கவனச்சிதறல் என்றதும் வெளியே இருப்பவர்களுக்கு அரட்டை, செல்போன், தூக்கம் இவைதான் தோன்றும். அவையும் உண்டு, வருகிறேன். ஆனால் என் முப்பது வருஷத்தில் என்னை ஆபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவை பெரும்பாலும் நியாயமான வேலைகள். லோட் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவர், எரிபொருள் ரசீதுக்குக் கையெழுத்துக் கேட்கிறவர், சரக்கு அறைக் கதவைப் பற்றிச் சொல்ல வந்த பொறியாளர், சக்கர நாற்காலி இன்னும் வரவில்லை என்று தலையை நீட்டும் பணிப்பெண். எல்லாரும் "ஒரு நிமிஷம், கேப்டன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். புறப்படுமுன் கணினியில் எண்களை ஏற்றிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் அப்படி ஏழெட்டு ஒரு நிமிஷங்கள் வரும். நாசாவின் ஆய்வாளர்கள் லூகோபூலோஸ், டிஸ்முகிஸ், பர்ஷி மூவரும் விமானி அறையிலேயே உட்கார்ந்து கவனித்து 2009-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். கையேட்டில் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி நிற்கும், நிஜ அறையில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பதுதான் அதன் சாரம். படித்தபோது, யாரோ என் பின்னாலேயே உட்கார்ந்து எழுதியதுபோல இருந்தது.

பயிற்சி வகுப்பில் எல்லாருக்கும் முதலில் சொல்லப்படும் கதை மயாமி. 1972 டிசம்பர் 29. நியூயார்க்கிலிருந்து வந்த லாக்ஹீட் டிரைஸ்டார், அன்றைக்கு மிகப் புதிய ரகம். இறங்குவதற்காகச் சக்கரத்தை இறக்கினார்கள். முன்சக்கரம் பூட்டிக்கொண்டது என்று காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கவில்லையா, பல்புதான் போய்விட்டதா? 2,000 அடிக்கு ஏறி, தானியங்கியில் போட்டுவிட்டு, எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் மேல் மேற்கே போகத் தொடங்கினார்கள். கீழே ஒரு விளக்குக்கூட இல்லாத இருட்டு.

துணை விமானி அந்தப் பல்பின் மூடியைக் கழற்றப் பார்த்தார், சிக்கிக்கொண்டது. கேப்டன் அவருக்கு யோசனை சொன்னார். ஃப்ளைட் இன்ஜினீயரைத் தரைக்கு அடியில் இருந்த கருவி அறைக்குள் இறங்கி, சக்கரம் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொன்னார். உடன் பயணித்த பராமரிப்பு நிபுணர் ஒருவரும் இதில் சேர்ந்துகொண்டார். அனுபவசாலிகள் நாலு பேர், ஒரு பல்பு. கேப்டன் பின்னால் திரும்பிப் பேசியபோது கட்டுப்பாட்டுத் தண்டில் அவர் உடம்பு பட்டிருக்க வேண்டும் என்பது விசாரணையின் ஊகம். அந்த அழுத்தத்தில், உயரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிடி மட்டும் விடுபட்டது. விமானம் யாருக்கும் தெரியாமல் மெல்ல மெல்ல இறங்கியது. 250 அடி இறங்கியதும் அரை நொடி ஒரு மணி ஒலித்தது. அது ஒலித்தது இன்ஜினீயரின் மேஜைப் பக்கம். அவரோ கீழே இருந்தார். ரேடாரில் 900 அடி என்று பார்த்த கட்டுப்பாட்டாளர், நிலைமை எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார். அவர்கள் பல்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, திரும்பி வருகிறோம் என்றார்கள். உயரம் என்ற சொல்லை அவர் சொல்லியிருந்தால் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் சரியாகத்தான் பூட்டியிருந்தது.

அதே விமான நிறுவனத்தின் டிசி-9 ஒன்று 1974 செப்டம்பர் 11-இல் சார்லட்டில் மூடுபனிக்குள் ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் மோதி 72 பேர் இறந்தார்கள். குரல் பதிவைக் கேட்டால், இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1981-இல் ஒரு விதி வந்ததற்கு இந்த மாதிரி விபத்துகள்தான் காரணம். டாக்ஸி ஓடும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும் 10,000 அடிக்குக் கீழேயும், அந்த நேரத்துக்குத் தேவையில்லாத எந்தப் பேச்சும் வேலையும் கூடாது. ஸ்டெரைல் காக்பிட் என்று பெயர்.  இன்று நம் நாட்டிலும் அதுதான் நடைமுறை.

விதி எனக்குத் தெரியாதா? சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். அப்படியிருந்தும் அல்வா என்னைக் கவிழ்த்தது. விமானி அறையில் நாள்முழுக்க ஆங்கிலம், நடுநடுவே இந்தி. அபூர்வமாகப் பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் துணைக்கு வந்தான். பத்து வருஷமாகப் பேசாததையெல்லாம் பேசினோம். திருநெல்வேலி இருட்டுக்கடையில் சாயங்காலம் எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், தாமிரபரணித் தண்ணீரா அல்வாவுக்கு ருசி தருகிறது, அது வெறும் கதையா? டெல்லியிலிருந்து சென்னை. "பத்தாயிரம்" என்று அவன் அறிவித்தான், நானும் பதில் சொன்னேன், அல்வா நிற்கவில்லை. சென்னை அப்ரோச் எங்களை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு மூன்றாவது முறை கொஞ்சம் காரமாகக் கூப்பிட்டபோதுதான் காது திறந்தது. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று மைல் போயிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. அரட்டையடித்த ஆயிரம் தடவையும் விமானம் பத்திரமாகவே இறங்கியிருக்கும்.

2020 மே 22-ஆம் தேதி கராச்சியில் ஏ320 ஒன்று சக்கரமில்லாமல் ஓடுபாதையைத் தொட்டு, இரண்டு இன்ஜினும் தரையில் உரச, மறுபடி மேலே ஏறியது. இரண்டு இன்ஜினும் நின்று, குடியிருப்பில் விழுந்து, 99 பேரில் 97 பேர் இறந்தார்கள். விமானிகளின் பேச்சு முழுக்க கொரோனாவைப் பற்றியே இருந்தது என்று அந்நாட்டு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த மாதத்தில் பூமியில் யார் வேறெதைப் பேசினார்கள்? நான் ஓட்டியதும் அதே ஏ320. சக்கரம் இறங்கவில்லை என்றால் அது எப்படியெல்லாம் கத்தும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு கத்தலும் காதில் ஏறாத அளவுக்கு மனம் வேறெங்கோ நிரம்பியிருக்க முடியும் என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது.

சரி, வாயை மூடிக்கொண்டால் போதுமா? அதற்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. புதிதாகச் சேரும் பணிப்பெண்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுக்கும்போது, 10,000 அடிக்குக் கீழே கேப்டனைத் தொந்தரவு செய்யாதே என்ற வரி மட்டும்தான் பல பேருக்கு நிற்கிறது. ஒருமுறை புறப்பட்ட சிறிது நேரத்தில் பின்பக்கச் சமையலறையில் கருகிய வாடை. அந்தப் பெண் 10,000 அடி தாண்டும்வரை காத்திருந்து சொன்னாள். அடுப்பில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் மூடிதான். ஆனால் ஆறு நிமிடம்! "ஏம்மா உடனே சொல்லல?" என்று கேட்டேன். "திட்டுவீங்கன்னு பயம் சார்" என்றாள். அவளுக்கு முன்னால் எந்தக் கேப்டனோ திட்டியிருக்கிறார். அது நானாகக்கூட இருந்திருக்கலாம்.

இங்கிலாந்தில் கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1989 ஜனவரி 8-இல் நடந்ததை இதற்காகத்தான் பணிப்பெண்களுக்குச் சொல்லுவேன். லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன 737. இடது இன்ஜினில் விசிறியின் இதழ் ஒன்று உடைந்து, உதறலும் புகையும். விமானிகள் வலது இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். உதறல் தற்செயலாகக் குறைந்ததால் சரியானதைத்தான் நிறுத்தினோம் என்று நம்பினார்கள். வலது இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் பயணிகளுக்கும் அறிவித்தார். இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் நெருப்பு வந்ததை இடது இன்ஜினில் கண்ணால் பார்த்திருந்தார்கள். கேபின் ஊழியர்களில் மூவரும் பார்த்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை; விமானிகளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்கள்.

அந்த விசாரணை அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது; என்னை உறுத்துவது அதுதான். நடந்ததையெல்லாம் முதலிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்ப்போம் என்று கேப்டன் ஆரம்பித்திருக்கிறார். என்ன பார்த்தோம், எதை நிறுத்தினோம் என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியபோது ரேடியோவில் அழைப்பு வந்தது. பதில் சொன்னார். விட்ட இடத்துக்கு அவர் திரும்பவே இல்லை. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையின் கரைமேட்டில் மோதி 47 பேர் இறந்தார்கள். ரேடியோவில் வந்தது வழக்கமான, மரியாதையான அழைப்புதான்.

பொருட்கள் செய்யும் கூத்து தனி. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர், நம் பயணிகள் ஏ330-இன் ராணுவ அவதாரம், கருங்கடல் பக்கம் பறந்துகொண்டிருந்தபோது 27 நொடியில் 4,400 அடி விழுந்தது. கேப்டன் தனியாக உட்கார்ந்து படம் எடுத்துவிட்டுக் கேமராவைக் கட்டுப்பாட்டுக் குச்சிக்கும் கைத்தாங்கிக்கும் நடுவில் வைத்திருந்தார். இருக்கையை முன்னால் நகர்த்தினார். கைத்தாங்கி கேமராவைத் தள்ள, கேமரா குச்சியைத் தள்ளியது. 2019 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மெக்ஸிகோவின் கான்கூனுக்கு 326 பயணிகளோடு கிளம்பிய ஏ330-இல் கேப்டனின் காபி கவிழ்ந்து ஒலிப் பலகைக்குள் போனது. பலகை சூடேறிப் புகைந்தது. அட்லாண்டிக்கின் மேலிருந்து திரும்பி அயர்லாந்தின் ஷானனில் இறங்கினார்கள். அந்த நிறுவனம் தந்த கோப்பை, விமானி அறையில் கோப்பை வைக்கும் குழிக்குப் பொருந்தாத அளவாம். அதனால் எல்லாரும் எதிரிலிருந்த தட்டில் வைத்துப் பழகியிருந்தார்கள். ஒரு கோப்பையின் விட்டம், பாருங்கள். நம் ஊரிலும் 2023 ஹோலி அன்று பறந்துகொண்டிருந்த 737-இன் நடுப்பலகையில், எரிபொருள் நெம்புகோல்மேலேயே காபிக் கோப்பையை நிறுத்திப் படம் எடுத்துப் போட்டார்கள். கையில் குஜியா பலகாரம். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது, நானும் இப்படி எத்தனை முறை எங்கெங்கே வைத்திருக்கிறேன் என்ற கணக்கு.

செல்போன் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். 2010 மே மாதம் டார்வினிலிருந்து சிங்கப்பூரில் இறங்க வந்த ஏ321-இல், கேப்டன் அணைக்க மறந்த போனில் செய்திகள் வந்து விழத் தொடங்கின. அவர் அதில் குனிந்தார். சக்கரம் இறக்கும் வேளை கடந்தது. 400 அடிக்குக் கீழே வந்த பிறகுதான் மேலே திரும்பினார்கள். அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவில் இரண்டு விமானிகள் பணிநேர அட்டவணையைப் பற்றி மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டே, இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் போய்விட்டார்கள். எப்போது இறங்குவோம் என்று ஒரு பணிப்பெண் உள்ளிருந்து கேட்டபோதுதான் முழித்துக்கொண்டார்கள். அங்கே அந்த "ஒரு நிமிஷம், கேப்டன்" காப்பாற்றியது.

திருச்சியை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 12, அதிகாலை ஒன்றேகால் தாண்டியிருக்கும். துபாய்க்குக் கிளம்பிய 737. பயணிகள் 130, ஊழியர்கள் 6. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது கேப்டனின் ஒரு கை இன்ஜின் லீவர்களின் மேலேயே இருக்கும். குறிப்பிட்ட வேகத்துக்கு முன்னால் ஏதாவது கோளாறு என்றால் உடனே இழுத்து நிறுத்துவதற்காக. அந்த நேரத்தில் அவருடைய இருக்கையின் சாய்மானம் பின்னால் சரிந்தது. விழுகிறவன் கையில் இருப்பதைப் பிடிப்பான் அல்லவா? லீவர்கள் பின்னால் வந்தன. உந்துவிசை குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. கடைசியில் எப்படியோ எழும்பிய விமானம், ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவை முறித்து, சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டுப் போனது. டவர் கேட்டபோது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். கடலுக்கு மேலே போனவர்களைத் திருப்பி மும்பையில் இறக்கினார்கள். வயிற்றுப்பக்கம் கிழிந்திருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பத்திரிகைகளில் உடைந்த சுவரின் படத்தைப் பார்த்து, எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள்: சுவரில் இடித்தது தெரியாமலா நாலு மணி நேரம் பறப்பார்கள்? நான் திருச்சியில் அதே இருட்டில் எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது முதுகுக்குப் பின்னால் நாற்காலி காணாமல் போனால், அடுத்த சில நொடிக்கு மனதில் நாற்காலி தவிர வேறொன்றும் இருக்காது. அந்த நொடிகள் முடிந்ததும் கண் போக வேண்டிய முதல் இடம் இன்ஜின் மீட்டர்கள். என் கண் போயிருக்குமா? போயிருக்கும் என்று சொல்லத்தான் மனம் வருகிறது. மதுரையை நினைத்தால் வாய் வரவில்லை.

மதுரைக்குப் பிறகு சில பழக்கங்களைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். செக்லிஸ்ட் படிக்கும்போது யார் குறுக்கிட்டாலும், விட்ட வரியிலிருந்து தொடர மாட்டேன், முதல் வரியிலிருந்து. பாதியில் விட்ட வேலை இருந்தால் அந்த அட்டையை இரண்டு லீவர்களுக்கும் நடுவில் குத்திட்டுச் செருகிவிடுவேன். லீவரைத் தொடப் போகிற கைக்கு அது இடறும். கதவைத் திறந்து வருகிறவர்களுக்கு என் உள்ளங்கை தெரியும். நான் திரும்பும்வரை அங்கேயே நிற்க வேண்டும். கூட வருகிற துணை விமானியிடம் காலையிலேயே சொல்லிவிடுவேன்: "ரெண்டு பேரும் ஒரே பிரச்சினையைப் பாக்கக் கூடாது. ஒருத்தன் விமானத்தை ஓட்டணும். நான் மறந்தா நீ அதட்டலாம்." முதலில் யாரும் அதட்ட மாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு மூத்தவர்களை இடைமறிக்க நாக்கு எழாது. அந்தப் பாளையங்கோட்டைப் பையன் மட்டும் ஒரு மாதம் கழித்து, 9,000 அடியில் நான் என் மகள் கல்யாணத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தபோது, "சார், அல்வா" என்றான். அதன்பின் எங்களுக்குள் அதுவே எச்சரிக்கைச் சொல் ஆகிவிட்டது.

உள்ளங்கை காட்டுவதை மேலதிகாரிகள் விரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நேரத்துக்குக் கிளம்பாத விமானத்துக்கு யார் காரணம் என்று ஒரு குறியீட்டு எண்ணைப் போட்டு அனுப்பும் உலகம் இது. முதல் வரியிலிருந்து மறுபடி படித்ததால் போன இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கம் கேட்டு எழுதினார்கள். மதுரை, ஃப்ளாப் என்று இரண்டே வார்த்தையில் பதில் அனுப்பினேன்.

கடைசியாகப் பயணிகளைப் பற்றி. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், சென்னையில் 25-ஆம் ஓடுபாதைக்குக் கடலைத் தாண்டிக் கரைக்குள் வந்துகொண்டிருந்தோம். சக்கரம் இறக்கியாயிற்று, ஃப்ளாப் முழுசாக. 1,300 அடியில் கேபின் மணி. ஒருவர் எழுந்து கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். கேபின் தயாரில்லை என்றால் இறங்கக் கூடாது. லீவரை முன்னால் தள்ளி மேலே ஏறினோம். மறுபடி ஒரு சுற்று வந்து தரையைத் தொடப் பதினேழு நிமிடம். கதவருகே நின்று எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார்.

"ஏன் கேப்டன் திரும்ப மேல போனீங்க? ரன்வே காலியா இல்லையா?"

"ஆமா சார், காலியா இல்ல" என்றேன். பின்னால் நின்ற பணிப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். இறங்கத் தொடங்குகிறோம் என்ற அறிவிப்பு தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணிக்கு முன்பே வருகிறது. கழிப்பறை, மேலே வைத்த பை, தண்ணீர், எல்லாவற்றையும் அப்போதே முடித்துக்கொள்ளுங்கள். பெல்ட் விளக்கு எரிந்த பிறகு எழாதீர்கள். நீங்கள் எழுந்தால் அந்த மணி எங்கள் அறையில் அடிக்கும். ஆனால் இறக்கையில் நெருப்பைப் பார்த்தாலோ, புகை வாடை வந்தாலோ, நாங்கள் அறிவிப்பதற்கும் உங்கள் கண் பார்ப்பதற்கும் பொருந்தாமல் இருந்தாலோ, எந்த உயரமானாலும் சரி, பெல்லை அழுத்திச் சத்தமாகச் சொல்லுங்கள். அதைத் தடுக்கிற விதி எதுவும் கிடையாது.